‘தடை சுழி’ என்று ஒரு வரி சொன்னால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் கடைசிவரை படியுங்கள். இல்லாதவர்கள் படிக்காமலே லைக் போட வேண்டாம், கடந்து போகலாம். கோபமில்லை.

நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வீடியோ மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. கறுப்பாக ஒரு கல் காந்தத்தின் மேல் மிதக்கிறது. பின்னால் உணர்ச்சி பொங்கும் குரல்: "இதில் மின்தடையே கிடையாது. எவ்வளவு மின்சாரம் வேண்டுமானாலும் பாயும். இது வந்துவிட்டால் கரண்டு பில் இல்லை, நெய்வேலிச் சுரங்கமும் தேவையில்லை." கடைசியில் நமக்கென்றே ஒரு வரி: "இது ஒரு பீங்கான். பீங்கான் ஊரான விருத்தாசலத்தில் ஏன் செய்யக்கூடாது?"

இதில் பீங்கான் என்பது உண்மை. எவ்வளவு மின்சாரமும் பாயும் என்பது பொய். நெய்வேலி தேவையில்லை என்பது அதைவிடப் பெரிய பொய். மிதப்பது எதற்கும் நிரூபணம் ஆகாது. இந்தப் பொய்களுக்கு உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தது கைடு புத்தகமும் இரண்டு மதிப்பெண் கேள்வியும்தான் என்பது என் குற்றச்சாட்டு. பிளஸ் டூவுக்கு முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவனுக்கு இதைச் சொல்லும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கேள்வி: மீக்கடத்தி என்றால் என்ன? விடை: ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே மின்தடை சுழியாகும் பொருள். இரண்டு மார்க். முடிந்தது. காந்தப்புலம் என்ற சொல் எங்காவது வந்ததா? வரவில்லை. மீக்கடத்திக்குள் மின்னோட்டம் என்ன பாடுபடும் என்பதை முடிவு செய்வதே காந்தப்புலம்தான். அதை விட்டுவிட்டுச் சொன்ன விடை, மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டு அடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி.

1911-இல் ஹாலந்தின் லைடன் நகரத்தில் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்தார். 4.2 கெல்வின் அருகே, அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், தடை மறைந்தது. உடனே அவருக்கு வந்த ஆசை நம் வீடியோக்காரருக்கு வந்த அதே ஆசைதான். கம்பி சூடாகாது என்றால் சுருளாகச் சுற்றி இஷ்டத்துக்கு மின்னோட்டம் விட்டு ராட்சத மின்காந்தம் செய்துவிடலாமே! செய்து பார்த்தார். ஈயம் சுமார் 600 காஸ் புலத்திலேயே மீக்கடத்தும் குணத்தை விட்டுவிட்டு வெறும் ஈயமாகிவிட்டது. 600 காஸ் என்றால் ஒரு நல்ல ஸ்பீக்கர் காந்தத்தின் பக்கத்தில் கிடைக்கும் புலம், அவ்வளவுதான். வெப்பநிலை மாறவே இல்லை. காந்தப்புலம் மட்டுமே ஆளைக் கவிழ்த்தது.

வெளியிலிருந்து காந்தம் கொண்டு வர வேண்டும் என்பதும் இல்லை. ஓர்ஸ்டெட் சோதனையை எல்லோரும் படித்திருக்கிறோம். மின்னோட்டம் போனால் சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும். ஆக, மீக்கடத்திக் கம்பியில் நீ அனுப்பும் மின்னோட்டமே தனக்கு எமனான புலத்தைத் தானே உண்டாக்குகிறது. கம்பியின் மேற்பரப்பில் அந்தப் புலம் எல்லையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. இதை 1916-லேயே சில்ஸ்பீ என்ற அமெரிக்கர் சொல்லிவிட்டார். நூறு வருஷம் தாண்டிவிட்டது. ‘எவ்வளவு மின்சாரம் வேண்டுமானாலும்’ என்று இன்னும் வீடியோ போடுகிறார்கள்.

அடுத்தது 1933. பெர்லினில் மைஸ்னர், ஓக்சென்ஃபெல்ட் என்ற இருவர் ஒன்றைக் கண்டார்கள். காந்தப்புலத்துக்குள் வைத்தபடியே மீக்கடத்தியைக் குளிரவைத்தால், உள்ளே இருந்த புலத்தை அது வெளியே தள்ளிவிடுகிறது. இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். தடை சுழி என்பது மட்டுமே ஒரு பொருளின் குணம் என்றால், லென்ஸ் விதிப்படி அது உள்ளே இருந்த புலத்தை மாறாமல் அப்படியே பிடித்து வைத்திருக்க வேண்டும். தள்ளுவதற்குக் காரணமே கிடையாது. ஆனால் தள்ளுகிறது. அதாவது ‘தடை சுழி’ என்ற வரியிலிருந்து மீக்கடத்தியின் நடத்தையை வருவிக்கவே முடியாது. பாதி விடை என்று நான் சொல்வது இதனால்தான். தள்ளுகிற வேலையைச் செய்வது மேற்பரப்பில் ஓடும் மின்னோட்டம். அது ஓடும் தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. உள்ளே புலமும் இல்லை, மின்னோட்டமும் இல்லை.

இதெல்லாம் ஈயம், பாதரசம் போன்ற பழைய ஆட்களின் கதை. நம் பீங்கான் மீக்கடத்திகள் வேறு சாதி. இரண்டாம் வகை என்று பெயர். இவை ஓரளவுக்கு மேல் புலத்தை முழுசாகத் தள்ளுவதில்லை, உள்ளே விட்டுக்கொள்கின்றன. விடும்போது ஒரு கணக்கோடு விடுகின்றன. காந்தப்புலம் மெல்லிய இழை இழையாக நுழைகிறது. ஒவ்வொரு இழையின் நடுவிலும் சில நானோமீட்டர் அகலத்துக்கு மீக்கடத்தல் செத்துப்போன ஒரு தண்டு. அதைச் சுற்றி மின்னோட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. இதைச் சுழல் என்பார்கள். வெள்ளாற்றில் தண்ணீர் சுழிக்கும்போது நடுவில் குழி விழுகிறதே, அந்த மாதிரி. எல்லாச் சுழலிலும் ஒரே அளவு காந்தப்பாயம்தான் இருக்கும். கூடாது, குறையாது. அந்த அளவு மிகச் சின்னது. ஒரு டெஸ்லா புலத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் சுமார் 48 கோடி சுழல் இருக்கும். 1957-இல் ரஷ்யாவின் அப்ரிகோசோவ் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். நோபல் பரிசு 2003-இல்தான் வந்தது. நாற்பத்தாறு வருஷம் காத்திருந்த மனுஷன்.

இனி முக்கியமான இடம். காந்தப்புலத்தில் மின்னோட்டம் பாய்ந்தால் விசை உண்டு. மோட்டார் சுற்றுவதே அதனால்தான். மீக்கடத்திக்குள் நீ அனுப்பும் மின்னோட்டம் இந்தச் சுழல்களைப் பக்கவாட்டில் தள்ளும். சுழல் நகர்ந்தால் காந்தப்பாயம் நகர்கிறது. காந்தப்பாயம் நகர்ந்தால் ஃபாரடே சொன்னபடி மின்னழுத்தம் தோன்றும். மின்னோட்டமும் இருக்கிறது, மின்னழுத்தமும் வந்துவிட்டது என்றால் அதற்குப் பெயர் என்ன? தடை! வெப்பநிலை எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது, பொருள் மீக்கடத்தியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தடை வந்துவிட்டது, வெப்பமும் உண்டாகிறது. கைடு புத்தகத்தில் இதற்கு இடமே இல்லை.

அப்புறம் எப்படி இது உபயோகப்படுகிறது? சுழல் நகராமல் பிடித்துக் கட்டினால் உபயோகப்படும். மாட்டை மேய விட்டுவிட்டு எங்கேயும் போகாதே என்று சொன்னால் கேட்குமா? முளைக்குச்சி அடித்துக் கட்ட வேண்டும். மீக்கடத்திக்குள் முளைக்குச்சி எது தெரியுமா? குறை. படிகத்தில் உள்ள ஓட்டை, அந்நியத் துகள், அடுக்குப் பிசகு, அழுக்கு. சுழலின் நடுத்தண்டு ஏற்கெனவே செத்த இடம். அது போய் இன்னொரு செத்த இடத்தில் உட்கார்ந்தால் ஆற்றல் மிச்சம். அதனால் அங்கேயே தங்கிவிடும். அப்பழுக்கற்ற சுத்தமான படிகத்தில் சுழல் வழுக்கிக்கொண்டு ஓடும், மின்னோட்டம் தாங்காது. சரியான அளவில், சரியான இடத்தில் குறை வைத்த பொருள்தான் அதிக மின்னோட்டம் தாங்கும். பரிசுத்தம்தான் உயர்ந்தது என்று மேடையில் பேசும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கட்டிய சுழல்கள் உள்ளே எப்படி நிற்கும் என்பதற்கு நம் களத்து நெல் குவியலே உதாரணம். மேலிருந்து நெல்லைக் கொட்டக் கொட்ட, ஒரு சாய்வு வரை குவியும். அதற்கு மேல் சரியும். சரிந்தபின் மறுபடி அதே சாய்வில் நிற்கும். சுழல்களும் ஓரத்திலிருந்து உள்ளே நுழைந்து, ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் குறைவாகவும் ஒரு சாய்வில் நிற்கின்றன. அந்தச் சாய்வுதான் அந்தப் பொருள் தாங்கும் உச்ச மின்னோட்டம். 1962-இல் பீன் என்பவர் இந்தக் கணக்கைக் கொடுத்தார். கூட்டல் கழித்தல் தெரிந்த பையனுக்குப் புரிய வைத்துவிடலாம். யாரும் புரிய வைப்பதில்லை.

வீடியோவில் கல் மிதப்பதும் பெரும்பாலும் இந்த முளைக்குச்சி வேலைதான். காந்தத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் கீழே விழாமல் தொங்குகிறதே, அது வெறுமனே தள்ளுகிற விசையாக இருந்தால் தொங்குமா? உள்ளே மாட்டிக்கொண்ட காந்தப்பாயம் பிடித்து இழுக்கிறது. அதே சமயம் மிதக்கிறதெல்லாம் மீக்கடத்தியும் இல்லை. மெல்லிய கிராஃபைட் சில்லு சாதாரண அறையில் வலுவான காந்தங்களின் மேல் மிதக்கும். பென்சில் ஊக்கின் சொந்தக்காரன் அது!

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1986-இல் சூரிச்சில் ஐபிஎம் ஆய்வகத்தின் பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் லாந்தனம், பேரியம், தாமிரம் கலந்த ஆக்சைடில் 30 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தலைக் கண்டார்கள். உலோகத்தை விட்டுவிட்டுப் பீங்கானில் தேடியதால் கிடைத்தது. அடுத்த வருஷமே அவர்களுக்கு நோபல். 1987 தொடக்கத்தில் அமெரிக்காவில் பால் சூ, வூ குழுவினர் இட்ரியம், பேரியம், தாமிர ஆக்சைடில் 93 கெல்வினை எட்டினார்கள். திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின். ஆக விலையுயர்ந்த ஹீலியம் வேண்டாம், நைட்ரஜன் போதும். உலகமே அடுப்பைப் பற்ற வைத்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆர். ராவ் குழு உடனே களத்தில் இறங்கியது. அதே 1987-இல் பிலிப் ஆண்டர்சனோடு சேர்ந்து இதற்கான கோட்பாட்டுக் கட்டுரை எழுதியவர்களில் ஒருவர் நம் தமிழர் ஜி. பாஸ்கரன். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பல்லாண்டு இருந்தவர். அவர் பெயரை எத்தனை பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தெரியும்? மிதக்கும் கல் வீடியோ போட்டவன் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

செய்முறை ரகசியமே இல்லை. இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், தாமிர ஆக்சைடு. உலோக அணுக்கள் 1:2:3 என்ற கணக்கில். அரைத்து, 900 டிகிரிக்கு மேல் சுட்டு, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, மறுபடி சுட்டு, ஆக்சிஜன் ஓட்டத்தில் மெதுவாக ஆறவிட வேண்டும். கறுப்பாக வந்தால் தேறியது. பச்சையாக வந்தால் வேறு சேர்மம், போச்சு. (பேரியம் கார்பனேட் விஷம், எலி மருந்தாக இருந்தது. ஆர்வத்தில் வீட்டு மிக்ஸியில் அரைத்துவிடாதீர்கள்.) விருத்தாசலத்துச் சூளைகளில் ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் சுடும் சூடு இதைவிட அதிகம். சூடு நம்மிடம் இருக்கிறது. ஆக்சிஜன் கட்டுப்பாடு பழக வேண்டிய வித்தை.

அப்படியானால் ‘விருத்தாசலத்தில் ஏன் செய்யக்கூடாது’ என்ற வீடியோக்காரர் சொன்னது சரிதானே? வில்லை செய்யலாம். கம்பி? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இப்படிச் சுட்டெடுத்த சாதாரண வில்லை, திரவ நைட்ரஜனில், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 முதல் 10 ஆம்பியர்தான் தாங்கும். உங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓடும் தாமிர ஒயர் சாதாரண அறையில் அந்த அளவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது! தடை சுழியான அதிசயப் பொருள் நம் ஒயரைத் தாண்டவில்லை. சின்னக் காந்தம் ஒன்றைக் கிட்டே கொண்டு போனால் அதுவும் மளமளவென்று குறையும். ஆனால் அதே சேர்மத்தை நல்ல மெல்லிய ஏடாகப் படிய வைத்தால் சதுர மில்லிமீட்டருக்குப் பத்தாயிரம் ஆம்பியருக்கு மேல் தாங்குகிறது. வேதிப்பொருள் ஒன்று, மாறுநிலை வெப்பநிலை ஒன்று, தடை இரண்டிலும் சுழி. தாங்கும் மின்னோட்டம் மட்டும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டு மார்க் விடை இந்த ஆயிரம் மடங்கைப் பற்றி என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை.

காரணம் பீங்கான்காரர்களுக்குப் பழகிய ஒன்று: குருணை எல்லை. சுட்ட பீங்கான் என்பது கோடிக்கணக்கான சிறு படிகங்கள் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் இடத்தில் மின்னோட்டம் நொண்டும். 1988-இல் ஐபிஎம்மில் டிமோஸ், பிரவீன் சௌதரி, மான்ஹார்ட் குழுவினர் இரண்டு படிகங்களை வெவ்வேறு கோணத்தில் ஒட்டி அளந்து பார்த்தார்கள். சௌதரி நம் நாட்டில் பிறந்து கரக்பூர் ஐஐடியில் படித்தவர். கோணம் 10 பாகையைத் தாண்டினாலே தாங்கும் மின்னோட்டம் பன்மடங்கு சரிகிறது என்று காட்டினார்கள். நல்ல கொத்தனார் நூல் பிடித்துச் செங்கல் வைப்பது போல, கிலோமீட்டர் கணக்கில் அத்தனை குருணையையும் ஒரே திசை பார்க்க வைக்க வேண்டும். உலோக நாடாவின் மேல் அடுக்கடுக்காகப் பூச்சு கொடுத்து, கடைசியில் ஒரு மைக்ரானோ இரண்டு மைக்ரானோ தடிமனுக்கு இந்தப் பீங்கானைப் படிய வைக்கிறார்கள். 4 மில்லிமீட்டர் அகல நாடா திரவ நைட்ரஜனில் 100 ஆம்பியருக்கு மேல் கொண்டு போகிறது. அதற்குள்ளும் வேண்டுமென்றே நானோ அளவில் அந்நியத் துகள் தூவுகிறார்கள், முளைக்குச்சிக்காக. இத்தனைக்கும் பத்து இருபது வருஷம் ஆனது.

‘வெப்பநிலை அதிகமானால் சிறப்பு’ என்பது இன்னொரு மூடநம்பிக்கை. பிஸ்மத் கலந்த ஒரு பீங்கானின் மாறுநிலை வெப்பநிலை 110 கெல்வின். இட்ரியம் 93. ஓட்டப் பந்தயமாகப் பார்த்தால் பிஸ்மத் முதல். ஆனால் 77 கெல்வினில் நல்ல காந்தப்புலத்துக்குள் வைத்தால் பிஸ்மத் படுத்துவிடும். அதன் சுழல்கள் முளைக்கு அடங்காமல் இளகி ஓடும். இட்ரியம் நிற்கும். 1993-இல் கண்ட பாதரசப் பீங்கான் 130 கெல்வினைத் தாண்டியது, இன்னும் அதில் ஊருக்கு உபயோகமான கம்பி வரவில்லை. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் தேசிய உயர்காந்தப்புல ஆய்வகத்தில் 2019-இல் 45.5 டெஸ்லா எட்டினார்களே, அதில் உள்ளே வைத்த சுருள் 93 கெல்வின் குடும்பத்து நாடாதான், அதையும் திரவ ஹீலியத்தில் முக்கி வைத்துத்தான்.

இப்போது எல்.கே.-99. 2023 ஜூலை 22 அன்று தென் கொரியர்கள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்று கட்டுரை போட்டார்கள். ஈயம், பாஸ்பேட், கொஞ்சம் தாமிரம். கல் ஒன்று ஒரு பக்கம் தரையில் ஊன்றி, ஒரு பக்கம் தூக்கி நிற்கும் வீடியோ. உலகம் முழுக்க ஆய்வகங்கள் சுட்டுப் பார்த்தன. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் சில நாட்களிலேயே செய்து பார்த்து, மீக்கடத்தல் இல்லை என்று அறிவித்தது. தடை திடீரென்று இறங்கியதற்குக் காரணம் அழுக்காகக் கலந்திருந்த தாமிர சல்பைடு. அது 104 டிகிரி செல்சியஸ் அருகே வடிவம் மாறும் பொருள். ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் சுத்தமான படிகம் வளர்த்தபோது அது மின்கடத்தாப் பொருளாகவே இருந்தது. கடத்தி என்றுகூடச் சொல்ல முடியாது, நம் ஃபியூஸ் கேரியருக்குச் சொந்தக்காரன்!

அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். ஜூலை 26 அன்று வளையமாதேவியில் நெற்பயிர் நிற்கும்போதே என்.எல்.சி. இயந்திரங்களை இறக்கி வாய்க்கால் வெட்டியது. நம் பக்கம் எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். சரியாக அந்த நேரத்தில் இந்த ஃபார்வர்டு வந்தது: ‘கொரியாவில் கண்டுபிடித்துவிட்டார்கள், இனி நிலக்கரியே வேண்டாம், சுரங்கத்துக்கு நிலம் கொடுக்காதீர்கள், ஆறு மாசம் பொறுங்கள்.’ நிலம் போகிற பயத்தில் இருக்கிறவனிடம் போய் இதைச் சொல்வதை என்னவென்று சொல்வது? பச்சைத் துரோகம். நிலத்துக்காகப் போராடுகிறவனுக்குச் சட்டமும் நஷ்டஈட்டுக் கணக்கும் பயிர்க் கணக்கும் வேண்டும். பொய்யான இயற்பியல் வேண்டாம்.

ஏன் பொய்? மீக்கடத்தி மின்சாரத்தை உற்பத்தி செய்யாது. ஒரு யூனிட்கூட. கொண்டு போகும் வழியில் உள்ள இழப்பில்தான் அது கை வைக்க முடியும். பழுப்பு நிலக்கரியை எரித்தால் அதன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் மின்சாரமாகிறது. மிச்சம் கொதிகலனிலும் குளிர்விப்புக் கோபுரத்திலும் போகிறது. அந்த இழப்புக்கும் மீக்கடத்திக்கும் சம்பந்தமே இல்லை.

வழி இழப்பிலும் முழுசாகச் சுழி கிடையாது. நம் மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம், விநாடிக்கு 50 முறை சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காந்தப்புலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரளும். சுழல்கள் முளையை இழுத்துக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் போய் வரும். உராய்வு போல வெப்பம் உண்டாகும். நேர்திசை மின்னோட்டத்தில் காணாத இழப்பு இது. அந்த வெப்பத்தைக் குளிர்ப்பதன இயந்திரம் வெளியே அள்ளிப் போட வேண்டும். 77 கெல்வினில் ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற, வெப்ப இயக்கவியல் கணக்குப்படி குறைந்தது 3 வாட் செலவு. நிஜ இயந்திரங்களில் பத்து, இருபது. மீக்கடத்திக் கேபிள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் 2014-இல் ஒரு கிலோமீட்டர் போட்டார்கள், ஷாங்காயில் 2021-இல் 1.2 கிலோமீட்டர். தெருவைத் தோண்ட இடமில்லாத நெருக்கடியான நகரத்தில், சின்னக் குழாயில் பெரிய மின்திறன் கொண்டுபோக அது அருமையான ஏற்பாடு. கம்மாபுரம் வயல்வெளியில் கம்பம் நட்டு இழுக்கும் லைனுக்கு அது எதற்கு?

இதை இவ்வளவு விலாவாரியாக எழுதுவதற்குக் காரணம், விஷயம் வீடியோவோடு நிற்கவில்லை. என்னிடம் படித்த ஒருவர் விருத்தாசலத்தில் சின்னதாகச் சூளை வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் வந்து ஃபியூஸ் கேரியர் வியாபாரத்தை அடித்த அடியில் தடுமாறிக்கொண்டிருப்பவர். அவரிடம் ஒரு ஆள் வந்து, அறை வெப்பநிலை மீக்கடத்திப் பீங்கானுக்கு ஃபார்முலா தருகிறேன், மூன்று லட்சம் முன்பணம் என்று பேசியிருக்கிறான். கையோடு மிதக்கும் கல்லையும் காட்டியிருக்கிறான். நல்லவேளை பையன் எனக்கு போன் போட்டான். மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். எந்த வெப்பநிலையில் எத்தனை ஆம்பியர் தாங்கும்? ஒரு டெஸ்லா புலத்தில் அது எவ்வளவாகக் குறையும்? காந்தப்புலத்தில் வைத்துக் குளிரவைத்தபோதும், குளிரவைத்துவிட்டுப் புலம் கொடுத்தபோதும் அளந்த காந்தமாக்கல் வரைபடம் எங்கே? வந்த ஆள் ‘அதெல்லாம் கம்பெனி ரகசியம்’ என்று போனவன்தான். தடை சுழி என்று சொல்ல எவனாலும் முடியும். கோளாறான மீட்டர்கூடச் சுழி காட்டும். காந்தப்புலத்தைப் பற்றிக் கேட்டால்தான் சாயம் வெளுக்கும்.

உயிர் சம்பந்தப்பட்டதும் இருக்கிறது. நம் பிள்ளைகள் நிறையப் பேர் ஸ்கேன் சென்டர்களில் வேலைக்குப் போகிறார்கள். எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் இருப்பது நியோபியம்-டைட்டானியம் மீக்கடத்திச் சுருள், 4 கெல்வின் அருகே. ஒருமுறை மின்னோட்டம் ஏற்றிச் சுருளின் இரு முனைகளையும் இணைத்துவிட்டால், வெளியிலிருந்து மின்சாரமே இல்லாமல் வருஷக்கணக்கில் ஓடும். அதாவது மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் காந்தம் அணையாது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன இளைஞர் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். ‘தடை சுழி’ என்று மனப்பாடம் செய்தவனுக்கு, ‘அப்படியானால் அந்த மின்னோட்டமும் அதன் காந்தப்புலமும் ராத்திரியிலும் அங்கேயே இருக்கும்’ என்ற அடுத்த வரியைச் சொல்லிக் கொடுத்தோமா? நான் கேட்பது இதைத்தான்.

‘சார், இதற்கெல்லாம் பெரிய லேப் வேண்டும், கிராமத்துப் பள்ளியில் நடக்காது’ என்று பின்னூட்டம் வரும். தெரியும். மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசிக் குச்சிகளை எதில் போட்டு வைத்திருக்கிறார்கள்? திரவ நைட்ரஜன். 77 கெல்வின். உலகம் 1987-இல் எதற்காகத் துள்ளிக் குதித்ததோ அந்தக் குளிர், நம் ஒன்றியத்தில் மாடு பிடித்துக்கொண்டு வருகிறவர் கண்ணெதிரே தினமும் ஆவி விட்டுக்கொண்டு திறக்கிறது. இயற்பியல் வகுப்புக்கு மட்டும் அது எட்டாத உயரத்தில் இருக்கிறதாம். விருத்தாசலத்தில் பீங்கானுக்கென்றே பாலிடெக்னிக் இருக்கிறது. வில்லை சுடத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். இரண்டையும் ஒரு மேஜையில் வைக்க ஒரு கடிதமும் ஒரு கால்நடை மருத்துவரின் சம்மதமும் போதும்.

சோதனை இதுதான். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுக்கு வில்லையை அறுத்து, நான்கு ஒயர் ஒட்டுங்கள். வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். தெர்மகோல் கிண்ணத்தில் வைத்து நைட்ரஜன் ஊற்றுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நைட்ரஜன் பாத்திரத்தை இறுக்கி மூடவே கூடாது. மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மின்னழுத்தம் சுழியாகவே நின்று, ஒரு இடத்தில் தலை தூக்கும். அந்த ஆம்பியரைக் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்து மறுபடி ஏற்றுங்கள். எந்த ஆம்பியரில் தலை தூக்குகிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும்.

சுற்றுவட்டாரத் தலைமையாசிரியர்கள் யாராவது தயார் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மில்லிவோல்ட் காட்டும் நல்ல மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன். பேட்டரியும் ரியோஸ்டாட்டும் உங்கள் ஆய்வக அலமாரியில் இருக்கும், தூசி தட்டி வையுங்கள்.